டர்போ போட்டதும் அணையும் டார்ச்: எம்ஏஎச் பார்த்து வாங்கணுமா, ஆம்பியர் பார்த்து வாங்கணுமா?

கம்பம்_தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம். எங்க தோட்டம் கம்பம் பக்கம், மலையடிவாரத்துல. மோட்டாருக்கு மும்முனை கரண்டு பல நாள் நடுராத்திரிதான் வருது. மோட்டார் போடவும் மடை மாத்தவும் அப்பாவும் நானும் மாறி மாறிப் போவோம். வரப்புல கட்டுவிரியன் கிடக்கும், கொல்லைக் கடைசியில காட்டுப்பன்னி நிக்கும். காலடியிலயும் வெளிச்சம் வேணும், தூரத்துக்கும் வேணும்.

பழைய 4 வோல்ட் லெட் ஆசிட் டார்ச்சை ஓரங்கட்டிட்டு நல்ல லைட்டா ஒண்ணு வாங்கினேன். ஒரே ஒரு 18650 செல் (திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ற உருளை லித்தியம் செல்), நாலு எல்இடி, எல்இடிக்குக் கரண்டு விடறதுக்கு எஃப்இடி டிரைவர்ங்கற சுற்று. பெட்டியில வெளிச்ச அளவு 4000 லூமென்னு போட்டிருக்கு. செல் கூட வராது, தனியா வாங்கிக்கணும். என் கையில இருக்கறது மூணு:

பாதுகாப்பு போர்டு வச்ச 3400 எம்ஏஎச் செல். டர்போ, அதான் உச்ச வெளிச்சம், அழுத்தினா பளிச்சுன்னு ஒரு வெட்டு, அடுத்த நொடி இருட்டு.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரிச்சு எடுத்த செல். அணையறதில்லை. ஆனா வெளிச்சம் சுமார்தான், லைட்டு உடம்பும் சீக்கிரமே சுடுது.

ஆன்லைன்ல வாங்கினது, உறையில 9900 எம்ஏஎச்னு அடிச்சிருக்கு. மூணுலயும் இதுதான் மோசம்.

கடையில கேட்டா எம்ஏஎச் அதிகமா இருக்கறதை வாங்குங்கறாங்க. இங்க 9900 தோத்து 3400 ஜெயிக்குது, அதுவும் பாதியில அணையுது. எந்த செல் வாங்கறது? அப்பாவுக்கும் தனியா ஒரு லைட்டு எடுக்கணும், அதுக்கும் சேர்த்துச் சொல்லுங்க.

ஓம்_விதி

தம்பி, ரெண்டு விஷயம் சொல்லுங்க. 3400 செல் அணைஞ்ச பிறகு பட்டனை மறுபடி அழுத்தினா எரியுதா, இல்ல பின்மூடியைக் கழட்டி மாட்டினாத்தான் எரியுதா? குறைந்த வெளிச்சத்துல வச்சா தொடர்ந்து எரியுதா?

கம்பம்_தோட்டம்

அண்ணே, பின்மூடியைக் கழட்டி மாட்டினாத்தான் வரும். குறைந்த வெளிச்சத்துல ராத்திரி முழுக்க எரியுது, ஒரு குறையும் இல்ல.

ஓம்_விதி

அப்ப லைட்டு நல்லாத்தான் இருக்கு, செல்லும் கெட்டுப்போகலை. ரெண்டுக்கும் ஜோடி சேரலை, அவ்வளவுதான்.

உங்க லைட்டுல இருக்கற எஃப்இடி டிரைவர் டர்போவுல கரண்டை அளந்து கொடுக்காது. செல்லையும் எல்இடியையும் நேரா இணைச்சு விட்டுடும். நாலு எல்இடி சேர்ந்து, செல் கொடுக்கற வரைக்கும் 15 ஆம்பியர், 20 ஆம்பியர்னு இழுக்கும். உங்க 3400 செல்லோட அடியில ஒரு சின்ன வட்ட போர்டு இருக்கே, அது ஒரு அளவுக்கு மேல ஆம்பியர் போனா ஷார்ட் ஆயிடுச்சுன்னு நினைச்சு வெட்டிடும். நிறைய போர்டுல அந்த எல்லை 10 ஆம்பியர் பக்கத்துலதான். வெட்டின பிறகு சுமையை எடுத்து விட்டாத்தான் திரும்ப விடும். மூடியைக் கழட்டி மாட்டினா எரியறது அதனாலதான். அந்த போர்டு அதோட வேலையைத்தான் ஒழுங்கா செய்யுது.

கிணத்துல தண்ணி எவ்வளவுங்கறது எம்ஏஎச். பைப் என்ன இஞ்சுங்கறது ஆம்பியர். அரை இஞ்ச் பைப்பைப் போட்டுட்டு அஞ்சு எச்பி மோட்டார் ஓட்டினா வயலுக்கு என்ன தண்ணி பாயும்?

செல் விவரத்தாள்ல "தொடர் வெளியேற்ற மின்னோட்டம்"னு ஒரு எண் இருக்கும், அதாவது செல் விடாம கொடுக்கக்கூடிய ஆம்பியர். ஆளுங்க சிடிஆர்னு சொல்வாங்க. உங்க மாதிரி லைட்டுக்கு முதல்ல அதைப் பாருங்க, எம்ஏஎச் அப்புறம். உதாரணத்துக்கு சில 18650 செல்:

சாம்சங் 35இ, 3500 எம்ஏஎச், 8 ஆம்பியர்.
எல்ஜி எம்ஜே1, 3500 எம்ஏஎச், 10 ஆம்பியர்.
சாம்சங் 30க்யூ, 3000 எம்ஏஎச், 15 ஆம்பியர்.
எல்ஜி எச்ஜி2, 3000 எம்ஏஎச், 20 ஆம்பியர்.
சாம்சங் 25ஆர், 2500 எம்ஏஎச், 20 ஆம்பியர்.
மோலிசெல் பி28ஏ, 2800 எம்ஏஎச், 25 ஆம்பியரையும் தாங்கும்.

மேல இருந்து கீழ பாருங்க. ஆம்பியர் ஏற ஏற எம்ஏஎச் பெரும்பாலும் இறங்கும். உங்க லைட்டுக்கு 30க்யூவோ பி28ஏவோ போதும். எனக்குப் பிடிச்சது பி28ஏ.

லேப்டாப் செல் ஏன் மங்கலா எரியுதுன்னா உள்தடை. எந்த செல்லுக்கும் உள்ளுக்குள்ள கொஞ்சம் மின்தடை உண்டு. நல்ல செல்லுக்கு 20 மில்லி ஓம்னு வச்சுக்குங்க. 15 ஆம்பியர் போனா 0.3 வோல்ட் உள்ளேயே போயிடும், 4.5 வாட் சூடா மாறும். வயசான லேப்டாப் செல்லுக்கு 60 மில்லி ஓம்னு வையுங்க. அதே 15 ஆம்பியருக்கு 0.9 வோல்ட் போகணும், 13.5 வாட் சூடாகணும். 4.2 வோல்ட்ல 0.9 போனா மிச்சம் 3.3. நல்லா எரியற எல்இடிக்கு அதுக்கு மேல வேணும். அதனால நிஜத்துல 15 ஆம்பியரே வராது, வெளிச்சம் தானா இறங்கிடும். வர்ற கொஞ்சத்துலயும் ஒரு பங்கு செல்லைத்தான் சுட வைக்குது.

வன்னி_ரோச்

வவுனியாவிலை இருந்து எழுதுறன். ஓம்_விதி அண்ணை சொல்லுறதிலை பிழை இல்லை, ஆனால் ஒரு விசயத்தை விட்டிட்டார். டர்போ எவ்வளவு நேரம் நிக்கும்? கையடக்க லைற் எண்டால் ஒரு நிமிசம், மிஞ்சினால் ரெண்டு நிமிசம். அதுக்குப் பிறகு சூடு ஏறி, லைற் தானே வெளிச்சத்தைக் குறைச்சுப் போடும். அந்த ஒரு நிமிசத்துக்காக 3500 செல்லை விட்டிட்டு 2800 செல் வாங்கவேணுமோ?

2022 இலை இங்கை 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாளெல்லாம் கண்டனாங்கள். அந்த நேரம் எங்களுக்கு உதவினது எம்ஏஎச் கூடின பற்றறிதான். 200 லூமெனிலை விட்டால் விடிய விடிய எரியும். ஒருத்தரும் டர்போ போட்டுக் கொண்டு சமைக்கேல்லை.

பெட்டியிலை போடுற லூமெனையும் அப்படியே நம்பக்கூடாது தம்பி. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 எண்டு ஒரு அளவுமுறை இருக்குது. அதின்படி லைற்றைப் போட்டு 30 செக்கனுக்குப் பிறகுதான் லூமென் அளக்கிறது. எரியிற நேரம் எண்டு போடுறதும், வெளிச்சம் தொடக்கத்திலை இருந்ததின் 10 சதவீதத்துக்கு வாற வரைக்கும் கணக்கு. முழு வெளிச்சம் அவ்வளவு நேரம் நிக்கும் எண்டு நினைச்சால் ஏமாந்து போவியள்.

ஓம்_விதி

வன்னி அண்ணை சொல்றது நியாயம். மறுக்க மாட்டேன். ஆனா இதை லைட்டு வகை பார்த்துப் பிரிக்கணும்.

1 ஆம்பியர், 2 ஆம்பியர் இழுக்கற லைட்டுக்கு எம்ஏஎச் கூடின செல்தான் சரி. அங்க 3500 செல் முன்னாடி 2800 நிக்காது. 5 ஆம்பியர் பக்கம் வந்தா ரெண்டும் நெருங்கி வந்துடும். 10ஐத் தாண்டினா எம்ஏஎச் கூடின செல் சோர்ந்துடும். கொள்ளளவு உள்ள இருந்தாலும் வோல்ட் சரிஞ்சு, லைட்டுல இருக்கற குறைவோல்ட் காவல் முன்கூட்டியே வெட்டிடும்.

இன்னொண்ணு, எஃப்இடி டிரைவர் மட்டும் உலகம் இல்ல. செல் வோல்ட்டை ஏத்திக் கொடுக்கற பூஸ்ட் டிரைவர் இருக்கற லைட்டுல கணக்கு தலைகீழ். அது எல்இடிக்குக் கொடுக்கற வாட்டைக் குறைக்காது. செல் வோல்ட் இறங்க இறங்க ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். எல்இடிக்கு 30 வாட், டிரைவர் திறன் 90 சதவீதம்னா செல்லுல இருந்து 33 வாட் போகணும். 4.1 வோல்ட்ல அது 8 ஆம்பியர். 3.1 வோல்ட்டுக்கு இறங்கினா 10 ஆம்பியரைத் தாண்டிடும். செல் களைச்ச நேரத்துல சுமை கூடுது பாருங்க. 8 ஆம்பியர் செல்லைப் போட்டா முதல் பாதி நல்லா ஓடும், பின்பாதியில திடீர்னு கீழ விழும். அதனால பூஸ்ட் லைட்டுக்கு, செல் காலியாகற நேரத்து ஆம்பியரை வச்சுத்தான் செல் பார்க்கணும்.

வன்னி_ரோச்

பூஸ்ட் கணக்கு விளங்குது அண்ணை. அதை நான் யோசிக்கேல்லை. அப்பாவின்ரை லைற்றுக்கு மட்டும் எம்ஏஎச் கூடினதையே குடுங்கோ.

மின்வேதி_மலர்

காரைக்குடியில் மின்வேதியியல் படித்தவள். ஆம்பியரும் எம்ஏஎச்சும் ஏன் ஒன்றை ஒன்று தின்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்துவிட்டால் 9900 செல்லின் கதையும் தெரிந்துவிடும்.

18650 என்பது ஓர் அளவு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழியம் உருளை வடிவத்துக்கு. 21700 என்றால் 21க்கு 70. உள்ளே நீளமான இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மெல்லிய பிரிப்புத் தாள், எல்லாம் பாய் போலச் சுருட்டி வைத்திருக்கும். மின்சாரம் தங்குவது தகட்டின் மேல் உள்ள பூச்சில். பூச்சைத் தடிமனாகப் பூசினால் அதிகம் தங்கும், எம்ஏஎச் கூடும். ஆனால் லித்தியம் அயனி அந்தத் தடிமனைக் கடந்து வர வேண்டும், அதனால் உள்தடையும் கூடும். பூச்சை மெல்லியதாக்கித் தகட்டை நீளமாக்கினால் அயனிக்கு வழி சுருக்கம், ஆம்பியர் தாராளம். ஆனால் அதே டப்பாவில் தகடும் தாளும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, பூச்சுக்கு இடம் குறைகிறது. வெளியே மின்சாரத்தை எடுத்து வரும் உலோக நாக்கு, அதாவது டேப் (tab), எத்தனை, எங்கே பற்றவைத்திருக்கிறது என்பதும் உள்தடையைத் தீர்மானிக்கும். இப்போது டேப்லெஸ் என்று 21700 செல்கள் வருகின்றன. தகட்டின் முழு விளிம்பையுமே இணைப்பாக ஆக்கிவிடுகிறார்கள். ஆம்ப்பேஸ் ஜேபி40 அந்த வகை, 4000 எம்ஏஎச்.

ஆக, டப்பாவின் கொள்ளளவு எல்லாருக்கும் ஒன்றுதான். பெயர் பெற்ற ஆலைகளின் 18650 செல்கள் பெரும்பாலும் 3500, 3600க்குள் நின்றுவிடுகின்றன. 9900 என்று அச்சடித்தவருக்கு அச்சகம் மட்டும்தான் இருந்திருக்கிறது. வீட்டில் நகைத் தராசோ சமையல் தராசோ இருந்தால் அந்தச் செல்லை நிறுத்துப் பாருங்கள். நல்ல 18650 சுமார் 45 முதல் 48 கிராம் இருக்கும், 21700 என்றால் 70 கிராம் பக்கம். 30 கிராம் சொச்சம் காட்டினால் உள்ளே பாதிச் சரக்குதான்.

விவரத்தாளைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். ஒரே செல்லுக்கு இரண்டு ஆம்பியர் எண்கள் இருக்கலாம். சோனி விடிசி6 செல்லுக்கு 15 ஆம்பியர் என்றும் இருக்கும், 30 ஆம்பியர் என்றும் இருக்கும். இரண்டாவது, செல் 80 டிகிரி தொட்டதும் நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது. டார்ச்சில் 80 டிகிரியைப் பார்த்து நிறுத்த ஆள் கிடையாது. சின்ன எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். சோனியின் பேட்டரித் தொழிலை முராட்டா வாங்கியது 2017இல். அதனால் இப்போது அந்தச் செல் முராட்டா பெயரில் வந்தால் போலி என்று பயப்பட வேண்டாம்.

கம்பம்_தோட்டம்

மலர் அக்கா, பக்கத்துக் கடையில தராசு வச்சு நிறுத்துட்டேன். 9900 செல் 31 கிராம். 3400 செல் 49 கிராம், அதுல போர்டும் சேர்ந்திருக்கு.

மலைநடை_வேலு

31 கிராமா! அந்தச் செல்லை இனி சார்ஜர்ல போடவே போடாதீங்க.

புதுச் செல் வாங்கும்போது அடிப்பக்கத்தையும் பாருங்க. எடை சரியா இருந்தாலும் பழைய பேக்குல இருந்து பிரிச்சு, புது உறை போட்டு விக்கறாங்க. உறை வழியா நெகடிவ் முனையைச் சாய்ச்சு வெளிச்சத்துல பார்த்தா சின்னச் சின்னப் புள்ளி தெரியும், ரெண்டு ரெண்டா. அது ஸ்பாட் வெல்டு தடம். புதுச் செல்லுல அந்த இடம் வழவழன்னு இருக்கணும்.

பாதுகாப்பே_முதல்

எல்லாரும் பாதுகாப்பு போர்டு இல்லாத செல்லையே பரிந்துரைப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. இது வயலில் வேலை செய்பவர் கேட்ட கேள்வி. வீட்டில் வயதானவர் இருக்கிறார், குழந்தைகள் கையில் கிடைக்கலாம். பெரிய ஆலைகள் இந்த செல்களை உதிரியாக விற்பதற்காகச் செய்யவில்லை, காவல் சுற்று உள்ள பேக்குக்குள் வைக்கத்தான் செய்கின்றன. எல்ஜி, சாம்சங் இரண்டுமே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. டர்போ இல்லாவிட்டால் போகிறது, போர்டு வைத்த செல்லையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓம்_விதி

உங்க கவலை சரியானதுதான், மேடம். அதனாலதான் ரெண்டு லைட்டையும் தனித்தனியா பேசணும்ங்கறேன்.

தம்பியோட எஃப்இடி லைட்டுக்கு 10 ஆம்பியர்ல வெட்டற செல் பொருந்தாது. நடுக்காட்டுல பன்னி முன்னாடி நிக்கும்போது டர்போ அழுத்தி லைட்டு அணைஞ்சா அதுவும் ஆபத்துதான். அந்த லைட்டுல குறைவோல்ட் காவல் டிரைவர்லயே இருக்கும், பெரும்பாலும் 2.8 வோல்ட் பக்கம் வெட்டிடும். இருக்கான்னு கையேட்டைப் பார்த்து உறுதி பண்ணிக்கணும். இல்லாத லைட்டுல போர்டு இல்லாத செல் போடவே கூடாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. போர்டு வச்ச 18650 நிஜத்துல 68, 70 மில்லிமீட்டர் நீளம் வரும். எஃப்இடி லைட்டுங்க பல 65க்கு அளவெடுத்துச் செஞ்சது. மூடியை அழுத்தித் திருகினா செல்லோட அடி போர்டு நசுங்கும். காவலுக்கு வச்ச போர்டே ஷார்ட் ஆகற வழி அது.

அதே மாதிரி தலை வகை. சில லைட்டுல தலைகீழா போட்டா எரியாம இருக்க பாசிட்டிவ் பக்கம் ஒரு பிளாஸ்டிக் வளையம் வச்சிருப்பாங்க. ஃபிளாட் டாப், அதாவது பாசிட்டிவ் முனை தட்டையா இருக்கற செல், வளையத்துக்கு உள்ள இருக்கற இணைப்பைத் தொடாது, முனையில மேடு வச்ச பட்டன் டாப் வேணும். ஸ்பிரிங் இருந்தா ஃபிளாட் டாப் போதும்.

பாதுகாப்பே_முதல்

நீளத்தைப் பற்றிச் சொன்னது முக்கியம், ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அப்பாவின் லைட்டுக்கு மட்டுமாவது போர்டு வைத்த செல். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓம்_விதி

அதுல எனக்கும் அதே முடிவுதான். அப்பாவுக்கு எஃப்இடி வேண்டாம். ஒரே எல்இடி, சீரா கரண்டு கொடுக்கற டிரைவர், 21700 செல் ஒண்ணு, லைட்டுலயே யுஎஸ்பி சார்ஜ். மூணு நாலு ஆம்பியருக்கு மேல இழுக்காது. போர்டு வச்ச 5000 எம்ஏஎச் செல் போட்டா வெட்டாது. உள்ள இருக்கறது சாம்சங் 50இ மாதிரி செல்லா இருந்தா நல்லது. 5000 எம்ஏஎச், 9.8 ஆம்பியர். 3.6 வோல்ட்டால பெருக்கினா 18 வாட் மணி. 3 வாட்ல ஓட்டினா கணக்குப்படி 6 மணி நேரம், டிரைவர் தின்கறது போக அஞ்சு மணி நேரத்துக்குக் குறையாது. மோட்டாருக்குப் போய் வர இது ஏதேஷ்டம்.

அதே 21700லயே மோலிசெல் பி42ஏ 4200 எம்ஏஎச், ஆலை சொல்ற எண் 45 ஆம்பியர். அருமையான செல். ஆனா அப்பாவோட லைட்டுக்கு அது வீண், 15 வாட் மணிதான் கிடைக்கும்.

நான்கு_செல்

இடையில் என் கேள்வி. என்னிடம் நான்கு 18650 போடும் பெரிய தேடுவிளக்கு இருக்கிறது. இரண்டு 30க்யூ, இரண்டு பழைய 3400 செல் கலந்து போடலாமா? நான்குமே 4.2 வோல்ட்தானே காட்டுகிறது?

மின்வேதி_மலர்

போடாதீர்கள். உங்கள் விளக்கில் செல்கள் தொடராக இணைந்திருந்தால் ஆபத்து மிக அதிகம். தொடரில் நான்கின் வழியாகவும் ஒரே ஆம்பியர்தான் போகும். இளைத்த செல் முதலில் காலியாகும். மற்ற மூன்றும் இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். காலியானதை அவை பூச்சியத்துக்கும் கீழே, தலைகீழ் வோல்ட்டுக்கு இழுத்துவிடும். அந்த நிலையில் செல் வாயுவைக் கக்கும், தீயும் பிடிக்கலாம். விளக்கின் குடுவை இறுக மூடிய உலோகக் குழாய். வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விளக்கின் காவல் நான்கின் மொத்த வோல்ட்டைத்தான் பார்க்கும், தனித்தனியாகப் பார்க்காது.

ஒரே ஆலை, ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் வாங்கிய நான்கு செல்லை ஒரே குடும்பமாக வைத்துக்கொள்ளுங்கள். உறையில் மார்க்கரால் ஒன்று முதல் நான்கு வரை எழுதி, சேர்ந்தே சார்ஜ் செய்து, சேர்ந்தே பயன்படுத்துங்கள். போடும் முன் மல்டிமீட்டரில் பாருங்கள், 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பயன்படுத்திய பிறகும் பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் தொடர்ந்து கீழே வந்தால் அதன் காலம் முடிகிறது என்று பொருள்.

இணையாக இணைந்த விளக்கில் தலைகீழ் ஆகும் பயம் இல்லை. ஆனால் நிறைந்த செல்லையும் காலிச் செல்லையும் ஒன்றாகப் போட்டால் நிறைந்தது காலியானதற்குள் கட்டுப்பாடின்றி பாயும். அங்கும் ஒரே வோல்ட் வேண்டும்.

மலைநடை_வேலு

இந்தப் பதிலை இழையின் உச்சியில் ஒட்டி வைக்கணும்.

கம்பம்_தோட்டம்

சார்ஜர் பத்தியும் சொல்லிடுங்க. இப்ப இருக்கறது செல்லோட சும்மா கொடுத்த ஒத்தை சார்ஜர். சிவப்பு எரியும், பச்சை எரியும், அவ்வளவுதான். ராத்திரி மோட்டார் ரூம்லயே போட்டு வச்சுட்டுப் படுத்துடலாமா?

மலைநடை_வேலு

மோட்டார் ரூம் வேண்டாம். எங்க குழுவில மலையேற்றத்துக்கு ஆளாளுக்கு நாலஞ்சு செல் கொண்டு போவோம், சார்ஜ் விஷயத்துல நாங்க ரொம்பக் கறார்.

லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக் கூடாது. சித்திரை வெயில்ல தகரக் கூரை போட்ட ரூம் அதைச் சுலபமாத் தாண்டும். ராத்திரி வந்ததும் சூடா இருக்கற செல்லை உடனே சார்ஜர்ல செருகாதீங்க, கை பொறுக்கற அளவுக்கு ஆறட்டும். வீட்டுக்குள்ள, சிமெண்டுத் தரை மேலயோ கடப்பா கல் மேலயோ வச்சு, ஆள் முழிச்சிருக்கும்போது போடுங்க. பாய், மெத்தை, நெல் மூட்டை பக்கம் கூடாது.

சார்ஜர்ல எண் காட்டற திரை இருக்கணும். எக்ஸ்டார் விசி4, லிட்டோகாலா லி-500 ரெண்டும் நம்ம ஆளுங்க நிறைய பேர் வச்சிருக்காங்க. 18650க்கு 1 ஆம்பியர் போதும், அவசரம்னா 1.5. நிறைஞ்சதும் 4.2 வோல்ட்ல நிக்கணும், 4.25ஐத் தாண்டினா சார்ஜரை மாத்திடுங்க. லி-500 எம்ஏஎச்சும் அளந்து காட்டும். ஆனா அது சின்ன ஆம்பியர்ல இறக்கித்தான் அளக்கும். 15 ஆம்பியர்ல செல் எப்படி நிக்கும்னு அதை வச்சு முடிவு பண்ண முடியாது. அதுக்கு டென்மார்க்ல இருந்து வர்ற லிக்டே-இன்ஃபோ தளத்துல ஒவ்வொரு செல்லுக்கும் போட்டிருக்கற வெளியேற்ற வரைபடத்தைப் பாருங்க. வேற வேற ஆம்பியர்ல வோல்ட் எப்படி இறங்குதுன்னு கோடு போட்டே காட்டியிருக்காங்க. செல் வாங்கறதுக்கு முன்னாடி நான் பார்க்கற ஒரே இடம் அது.

வன்னி_ரோச்

ஒண்டை ஒருத்தரும் சொல்லேல்லை. பற்றறியின்ரை உறை. தம்பி, 18650 இன்ரை உடம்பு முழுக்க நெகற்றிவ். மேலை நடுவிலை இருக்கிற சின்ன வட்டம் மட்டும்தான் பொசிற்றிவ். ரெண்டுக்கும் இடையிலை ஒரு பேப்பர் வளையமும் அந்த மெல்லிய பிளாஸ்ரிக் உறையும்தான். தலைப்பக்க விளிம்பிலை உறை கிழிஞ்சால், திறப்புக் கோர்வையோ சில்லறைக் காசோ பட்டால் போதும், சோர்ட். 20, 30 ஆம்பியர் குடுக்கிற பற்றறி எண்டால் அந்தத் திறப்பு சிவக்கும். சட்டைப் பொக்கற்றிலை வெறும் பற்றறி கொண்டு திரியாதையுங்கோ. பிளாஸ்ரிக் பெட்டி மலிவாக் கிடைக்கும்.

லைற்றைப் பொக்கற்றிலை வைக்கேக்கை பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி விடுங்கோ. தவறுதலா டர்போ பத்தினால் துணி கருகும், தோலும் வேகும்.

நான்கு_செல்

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் பாதுகாப்பானது என்கிறார்களே, அதை இந்த விளக்கில் போடலாமா?

மின்வேதி_மலர்

வேதியியலாக நிதானமானதுதான். ஆனால் அதன் வோல்ட் 3.2, நிறைந்தால் 3.65. உங்கள் விளக்கு 3.6, 3.7 வோல்ட் செல்லுக்குச் செய்தது, வெளிச்சம் சரியாக வராது. அதைவிட முக்கியம், 4.2 வோல்ட் சார்ஜரில் எல்எஃப்பி செல்லைப் போட்டால் மிகைச் சார்ஜ் ஆகும். இரண்டு வகையும் ஒரே வீட்டில் இருப்பதே குழப்பத்துக்கு வழி.

கம்பம்_தோட்டம்

ஓம்_விதி அண்ணே, பி28ஏ ரெண்டு வந்து சேர்ந்துச்சு. தராசுல 46 கிராம். அடிப்பக்கம் வழவழன்னு இருக்கு, புள்ளி எதுவும் இல்ல. வந்தபோது 3.5 வோல்ட் சொச்சம் காட்டுச்சு, நிறைய சார்ஜ் பண்ணி ஒரு மணி நேரம் சும்மா வச்சிருந்து அளந்தேன், 4.18ல நிக்குது.

ராத்திரி டர்போ போட்டேன். அணையலை. மேல்கோடி வேலி தாண்டி ஓடை மரம் வரைக்கும் தெரியுது. கொஞ்ச நேரத்துல தலைப்பக்கம் சுட்டதும் தானா இறங்கி நடுத்தர வெளிச்சத்துல நிக்குது, வன்னி அண்ணை சொன்ன மாதிரியே. ஸ்பிரிங் சுடுதான்னும் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுன்னுதான் இருக்கு.

அப்பா லைட்டுக்கு போர்டு வச்ச 21700, 5000 எம்ஏஎச் ஆர்டர் போட்டாச்சு. 3400 செல்லை வீட்டுல சின்ன லைட்டுக்கு வச்சுக்கறேன். பி28ஏவை விடக் கூடுதலா ஆம்பியர் தர்ற டேப்லெஸ் செல் போட்டா இன்னும் வெளிச்சம் வருமா?

ஓம்_விதி

நல்லது தம்பி. அதோட நிறுத்திக்குங்க. எஃப்இடி லைட்டுல கரண்டை மட்டுப்படுத்தறதே செல்லோட உள்தடையும் ஸ்பிரிங்கோட தடையும்தான். அதை மேலும் குறைச்சா எல்இடி தாங்கற அளவைத் தாண்டி எரிஞ்சு நீலமாப் போயிடும், இல்ல ஸ்பிரிங் துவண்டுடும். கையேட்டுல எந்த செல் வரைக்கும்னு போட்டிருக்காங்களோ அதுதான் எல்லை.

ரெண்டாவது பி28ஏவை உடனே பயன்படுத்தலைன்னா 3.6, 3.7 வோல்ட் பக்கம் வச்சு நிழலான இடத்துல வையுங்க. 4.2ல நிறைச்சு மாசக்கணக்கா வெயில் படற இடத்துல வச்சா சீக்கிரம் கிழடாகும்.

கம்பம்_தோட்டம்

சரிண்ணே. 9900 செல்லையும் லேப்டாப் செல்லையும் என்ன பண்றது? குப்பையில போடலாமா?

மின்வேதி_மலர்

குப்பையில் வேண்டாம், கிணற்றிலும் வாய்க்காலிலும் வேண்டவே வேண்டாம். குப்பை வண்டியில் அழுத்தும்போது நசுங்கினால் தீப்பிடிக்கும். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனித்தனியாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் உண்டு. பக்கத்தில் இடம் இல்லாவிட்டால் தேனிக்கோ மதுரைக்கோ போகும்போது கொடுக்கும் வரை ஒரு தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்திருங்கள்.

லேப்டாப் செல்லை மட்டும் ஒரு முறை சோதியுங்கள். நிறைய சார்ஜ் செய்து ஒரு நாள் முழுக்க வெளியே வையுங்கள். 4.1க்குக் கீழே தானாக இறங்கினாலோ, சார்ஜ் ஆகும்போதே சுட்டாலோ அதையும் டேப் ஒட்டி அதே டப்பாவில் போட்டுவிடுங்கள். நின்றால், 1 ஆம்பியருக்குக் குறைவாக இழுக்கும், குறைவோல்ட் காவல் உள்ள சின்ன விளக்குக்கு ஆகும். எஃப்இடி லைட்டுப் பக்கம் அதைத் திரும்பக் கொண்டு போகாதீர்கள்.